காதை மூடாத சனிக்கிழமை

ஞானோபதேச வகுப்பு எடுக்கப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மந்திரங்களை எப்படி மனப்பாடம் பண்ணவைப்பது, பூசை நேரத்தில் பிள்ளைகளை எப்படி அடக்கி உட்காரவைப்பது என்பதெல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். முதல் மாதம் உங்களுக்குத் தொண்டை கட்டும். அடுத்த மாதம் பிள்ளைகளுக்கே உங்கள் மேல் இரக்கம் வந்து தானாக அடங்கிவிடும். நான் பேச வந்தது வேறு. நம்மை நம்பி அனுப்புகிற பிள்ளை, அனுப்பின மாதிரியே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். மந்திரம், பாட்டு, பரிசு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"கெட்ட ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது, டீச்சர்?" என்று போன தடவை ஒரு பெண் கேட்டாள். நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருவான்? நான் பார்த்த ஆள் ஊரே மெச்சின மனிதர். அவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பிள்ளை சொன்னாள், அதனால் தெரிந்தது. ஆகவே ஆட்களின் முகத்தை ஆராய்ந்துகொண்டு திரியாதீர்கள். பிள்ளை வாய் திறக்கிற நேரத்தில் காது கொடுக்கிற தூரத்தில் இருங்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது வெள்ளைக்காரன் காலம், முப்பதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை. சனி ஞாயிறுகளில் கடலோரக் குப்பத்தை ஒட்டியிருந்த சின்னக் கோயிலுக்குப் போய் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன். கோயில் பெயரைச் சொல்லமாட்டேன், நீங்களும் துப்புத் துலக்க வேண்டாம். வருகிற பிள்ளைகள் எல்லாம் கட்டுமரத்தில் போகிறவர்களின் பிள்ளைகள். வகுப்பில் மீன் வாடை அடிக்கும். மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்து போகிற எனக்கு முதலில் குமட்டியது. பிறகு அந்த வாடை இல்லாத வகுப்பில் பாடம் சொல்லவே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

முதல் தடவை நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பம், வாங்கப்போகிற பிள்ளைகளை அதற்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவோம். சாமியார் மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். தட்டிக்கு இந்தப் பக்கம் பிள்ளை மண்டிபோட்டுத் தான் செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க வேண்டும். அங்கே கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது. அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு காரியமும் செய்யவும் கூடாது. இதற்காகப் பிள்ளைகளுக்கு ஒத்திகை நடத்துவோம். ஒத்திகையிலேயே சில பிள்ளைகள் நிஜப் பாவத்தை அவிழ்த்துவிடும். உடனே நாங்கள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "எனக்கு வேண்டாம், சாமியார்கிட்ட சொல்லு" என்போம். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. எல்லாக் கோயில்களிலும் அதுதான் வழக்கம், மரியாதையான வழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒருத்தன் கடவுள் விதித்த பத்துக் கற்பனைகளில் ஒன்றைக்கூட விடாமல் எல்லாவற்றையும் மீறிவிட்டதாகச் சொன்னான், கொலை உட்பட. யாரையடா கொன்றாய் என்று கேட்டேன். "அத சாமியார் கேட்டாத்தான் சொல்வேன்" என்றான். நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது.

ஆர்மோனியம் வாசித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். சம்பளம் வாங்காமல் வருவார். பிள்ளைகளுக்குக் கமர்கட்டு வாங்கி வருவார். வருஷா வருஷம் நல்ல குரலாகப் பார்த்து ஒரு பிள்ளையைத் தனிப்பாட்டுக்குத் தேர்ந்தெடுத்து, கோயில் வாசலுக்கு மேலே இருந்த பாட்டு மாடத்தில் தனியாக வைத்துப் பழக்குவார். தன் பிள்ளை தேர்வானால் அந்த வீட்டுக்காரர்களுக்குத் தலைகால் புரியாது. அந்த வருஷம் அவர் தேர்ந்தெடுத்தது பிலோமியை. அது அவள் பெயரில்லை, நான் வைத்த பெயர். மீன் விற்கிற அந்தோணியம்மாவின் மூத்த மகள்.

சனிக்கிழமை காலை. பிள்ளைகள் கூண்டுக்கு வெளியே சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். நான் வரிசையைப் பார்த்துக்கொள்கிறேன். மேலே மாடத்தில் மாஸ்டர் மறுநாள் பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறார். பிலோமிக்கு முன்னால் ஒரே ஒரு பிள்ளைதான் பாக்கி, அவளும் உள்ளே மண்டிபோட்டுவிட்டாள். பிலோமி என் புடவையைத் தொட்டு இழுத்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். வேற ஒருத்தங்க செஞ்சாங்கன்னா, அத்த நாந்தான் சொல்லணுமா?"

"யாரு செஞ்சா?"

"அது சொல்லக்கூடாது. உள்ள போய்ச் சாமியார்கிட்ட மட்டும் சொல்லிட்டா பூடுமாம். வெளிய சொன்னா இன்னும் பெரிய பாவமாம்."

இந்தப் பாடத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பாடத்தை எடுத்து யாரோ தனக்கு வசதியாகத் திருப்பித் தைத்திருக்கிறார்கள் என்பது அந்த நொடியில் விளங்கியது. பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் "வெளியே சொல்லாதே" என்று சொன்னால், அதில் நல்லது ஒன்றும் இருக்க முடியாது. உள்ளே போன பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். அடுத்தது பிலோமி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உள்ளே அனுப்பினால் சாமியார் வாய் கட்டப்பட்டுவிடும். நல்ல சாமியார்தான், "வெளியே போய் டீச்சரிடம் சொல்" என்று அவளுக்குப் புத்தி சொல்லியிருக்கக் கூடும். என் பயம் அதற்கும் மேலே. அவள் மண்டிபோட்டு, அதைச் சொல்லி, மன்னிப்பும் வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டால், அது அவள் செய்த பாவம் என்றே ஆகிவிடும். செய்யாததற்கு மன்னிப்பு வாங்கின பிள்ளை சாகிறவரை அதைச் சுமக்கும். உள்ளே அனுப்பாவிட்டாலோ, பாவசங்கீர்த்தனம் இல்லாமல் நாளைக்கு நன்மை இல்லை. வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளையை வெளியே இழுத்தால் குப்பம் ஆயிரம் பேசும்.

பின்னால் நின்ற பிள்ளையை உள்ளே போகச் சொல்லிவிட்டு பிலோமியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன்.

கோயில் முற்றத்துக் கிணற்றடியில் உட்கார்ந்தோம். பூசைச் சாமான்கள் வைக்கிற அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம், சாத்தவில்லை. தனியாகப் பேச வேண்டிய பிள்ளையிடம் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், யார் காதுக்கும் எட்டாத இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். இது உங்களுக்கும் பாதுகாப்பு, பிள்ளைக்கும் பாதுகாப்பு.

அவள் பேச ஆரம்பிக்கும் முன்னே மேலே ஆர்மோனியம் நின்றது. மாஸ்டர் படியிறங்கி வந்தார். முகத்தில் அதே சிரிப்பு.

"என்ன டீச்சர், குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? நான் பாத்துக்கறேன். நீங்க வரிசையைக் கவனிங்க, அங்கே ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்குதுங்க."

பிலோமி எழுந்து கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கத்தியிருந்தால் அவள் அதற்குமேல் வாயே திறந்திருக்கமாட்டாள். "வேண்டாம் மாஸ்டர், நானே பாத்துக்கறேன். நீங்க மேலே போங்க" என்றேன். அவர் கொஞ்சம் நின்று பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. போய்விட்டார். ஆர்மோனியம் மட்டும் மறுபடி கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ காதைப் பொத்திக்கலயா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இன்னிக்குப் பொத்திக்கல."

"யார்கிட்டயும் சொல்லமாட்டியே?"

ஆம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. அப்படிச் சொல்லாதீர்கள், பொய்யாகிவிடும். ஏற்கெனவே ஒரு பெரியவர் அவளிடம் பொய் சொல்லியாகிவிட்டது. "உங்கம்மாவுக்குச் சொல்லுவேன், சாமியாருக்குச் சொல்லுவேன். ஊருக்குச் சொல்லமாட்டேன்" என்றேன். அவள் யோசித்தாள். காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னாள். மாடத்தில் தனியாகப் பாட்டுப் பழக்கும்போது மாஸ்டரின் கை எங்கே போனது என்று சொன்னாள். அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. நான் குறுக்கே கேள்வி கேட்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. சொல்லி முடித்ததும், "நீ சொன்னது நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

அந்தோணியம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். கூடையை இறக்கி வைத்த கையோடு ஓடிவந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, எம் பொண்ண லைன்லேர்ந்து இட்டுக்கினு வந்துட்டியாமே? மந்திரம் மறந்துட்டாளா?"

சொன்னேன். கேட்ட மாத்திரத்தில் அவள் கை மகளை நோக்கித்தான் போனது. நான் பிடித்துக்கொண்டேன். இதை எதிர்பார்த்திருங்கள். பெற்றவளுக்கு வருகிற கோபம் முதலில் கைக்கெட்டுகிற ஆள் மேலேதான் இறங்கும். பிறகு அவள் பொத்தென்று தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு பேரு கெட்டுப்பூடுமே. எங்க ஆத்தா வூட்டாண்ட இட்டுக்கினு பூடறேன். நாளிக்கு நன்மையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"இப்போ நீ கூட்டிக்கிட்டு ஓடினா யாரு பேரு கெடும்னு யோசிச்சுப் பாரு" என்றேன். அவள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அதற்குள் மற்ற பிள்ளைகள் முடித்திருந்தார்கள். சாமியார் கூண்டிலிருந்து வெளியே வந்து, பிலோமி எங்கே என்று கேட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடுகிற ஊதாப் பட்டை இன்னும் அவர் கழுத்தில் கிடந்தது.

"சாமி, அந்தப் பட்டையைக் கழற்றி வச்சுட்டு வாங்க. நான் சொல்லப்போறது பாவசங்கீர்த்தனம் இல்லை" என்றேன்.

அவர் சின்ன வயதுக்காரர், தெற்கத்திக்காரர். என்னை ஒரு பார்வை பார்த்தார். பட்டையைக் கழற்றி முத்தமிட்டு, மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முழுவதும் கேட்டார். "அவளை நான் கேட்கணுமா?" என்றார். "வேண்டாம் சாமி, ஒரு தடவை சொன்னாச்சு, போதும்" என்றேன். சரி என்று எழுந்து நேராக மாடத்துக்கு ஏறினார். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. கீழே வந்த மாஸ்டர், குப்பத்துப் பிள்ளைகளுக்கு நன்றி கிடையாது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டு வெளியே போனார்.

வெளியே போனவர் சும்மா போகவில்லை. கோயில் கமிட்டியில் பெரியவராக இருந்த பென்ஷன்காரரிடம் போய் அழுதிருக்கிறார். பென்ஷன்காரர் மத்தியானமே குடையும் கையுமாக வந்துவிட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்லமாட்டேன். மானம் போய்விடுமே என்று பயந்தவர். அந்தப் பயம் செய்கிற கெடுதலுக்கு அளவே கிடையாது.

"பாம்பும் சாகணும், தடியும் உடையக்கூடாது சாமி. பொண்ணை இந்த வருஷம் நிறுத்திவைப்போம், அடுத்த வருஷம் வாங்கிக்கட்டும். மாஸ்டரைக் கிறிஸ்மஸ் கழிச்சு மெதுவா அனுப்பிடலாம். இல்லே, உண்மையான்னு தெரியணும்னா பொண்ணைக் கூப்பிடுங்க, சிலுவைக்கு முன்னாடி மாஸ்டர் முகத்தைப் பாத்துச் சத்தியம் பண்ணட்டும்."

"சத்தியம் பண்றதுன்னா பெரியவங்க பண்ணட்டும் ஐயா. அவளை எவர் முன்னாடியும் நான் நிறுத்தமாட்டேன்" என்றேன். "நாளைக்கு அவ இடம் காலியா இருந்தா, நாம காரணமே சொல்ல வேண்டாம், குப்பமே ஒண்ணு சொல்லிக்கும். எதைச் சொல்லிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? மாஸ்டர் ஆர்மோனியத்தில உக்காந்திருப்பார், அவ வீட்டில உக்காந்திருப்பா. முழுப் பூசணிக்காயைச் சோத்தில மறைக்கச் சொல்றீங்க. அந்தச் சோறு அவ தலையில கொட்டப்போவுது."

"டீச்சர், கோயிலுக்குன்னு ஒரு பேரு இருக்கு" என்றார் அவர்.

அந்தோணியம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. காலையில் ஊரைவிட்டு ஓடப்போகிறேன் என்று அழுத அதே பொம்பளை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"எம் பொண்ணு இன்னா திருடிக்கினு வந்தாளா சாமி, மூஞ்ச மறச்சிக்கினு குந்த? கோயிலுக்குப் பேரு கீது, எம் பொண்ணுக்குப் பேரு இல்லியா? நாளிக்கு அவ வருவா. வெள்ளக் கவுனு போட்டுக்கினு மொத ஆளா வருவா. எவன் தடுக்கறான்னு நான் பாத்துக்கறேன்."

பென்ஷன்காரர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் வேறு மாதிரி சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பிலோமி நாளைக்கு வருவா. ஆர்மோனியம் வராது" என்றார்.

அதன்பின் பிலோமியைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் நின்று, "இப்ப நான் இன்னா சொல்றது டீச்சர்?" என்று கேட்டாள். நீயே செய்தது ஏதாவது இருந்தால் சொல் என்றேன். நெடுநேரம் யோசித்து, "பக்கத்து வூட்டுக் கருவாட்ட எடுத்துத் துன்னுட்டேன்" என்றாள். அது போதும், போ என்றேன். மறந்துபோய்க் காதைப் பொத்தவே இல்லை. காலையிலிருந்து அப்போதுதான் அவள் சிரித்தாள்.

மாஸ்டர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பட்டணத்தை விட்டுப் போய் வேறொரு ஊர்க் கோயிலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. நம் வாசலைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் குப்பையைத் தள்ளினால் அது சுத்தமாகாது. அந்த ஊர்ச் சாமியாருக்குச் சொல்லிவிடுங்கள் என்று எங்கள் சாமியாரைப் போய் நச்சரித்தேன், அவரும் சொன்னார். இன்றைக்கு நீங்கள் அதோடு நிற்காதீர்கள். போலீஸுக்குப் போங்கள். யார் மானம் போனாலும் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டு சகிக்கவில்லை. ஆர்மோனியம் இல்லாமல் ஆளுக்கொரு சுருதியில் இழுத்தார்கள். தனிப்பாட்டு வந்த இடத்தில் பிலோமி பாடவில்லை. பாடச் சொல்லி நான் கண்ணைக்கூடக் காட்டவில்லை. ஆனால் நன்மை வாங்கப் பிள்ளைகள் எழுந்தபோது முதலாவதாக அவள் போனாள். அந்தோணியம்மா நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு ஒரு கொலைப் பாவம் நிஜமாகவே நடந்திருக்கும்.

பூசை முடிந்து எல்லோரும் வெளியே போனார்கள். பிள்ளைகளுக்குப் பணியாரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் போகாமல் நின்றாள். தாவணி போட்ட பெரிய பெண். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நன்மை வாங்கினவள். அந்த வருஷத்துத் தனிப்பாட்டு அவளுடையது. அதன்பிறகு கோயிலுக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்காருவாள், பாடமாட்டாள். குரல் உடைந்துபோச்சு என்று அவள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பிலோமிய ஏன் வெளிய இட்டுக்கினு போனீங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள்.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"அவளுக்கு அது பாவமில்லன்னு சொன்னீங்களாமே. நான் அப்பவே உள்ள போய்ச் சொல்லி மன்னிப்பு வாங்கிட்டேன். அப்ப எனக்கு?"

"உனக்கும் இல்லை" என்றேன்.

அவள் நம்பவில்லை. "மன்னிப்பு வாங்கிட்டேனே டீச்சர்" என்று மறுபடியும் சொன்னாள். நானும் மறுபடியும் சொன்னேன். அன்றைக்கு வெயில் ஏறும்வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் கல்யாணமாகி, முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் ஒருமுறை கேட்டாள்.